முதுகுத்தண்டில் காயமுற்ற முன்னாள் படைவீரருக்குக் கைபேசி எவ்வாறு உதவும்?

முதுகுத்தண்டில் காயமுற்று வீடு திரும்பிய முன்னாள் படைவீரருக்கும் அவரைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் கைபேசிச் செயலிகளால் மெய்யான பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் நினைவூட்டலோடு நின்றுவிட்டால் பாதிப் பயன்தான்.

உணர்விழந்த பகுதியில் நெடுநேர அழுத்தத்தால் படுக்கைப்புண் உண்டாகும்போதும் வலி எச்சரிக்கை தராது என்பதே அடிப்படைச் சிக்கல். சக்கர நாற்காலியில் இருப்பவர் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை உடல் எடையை மாற்றி அமர வேண்டும் என்பதைச் செயலி நினைவூட்டும். அதைவிடப் பெரிய உதவி புகைப்படம். வால் எலும்பருகே தோன்றும் சிவப்பு, விரலால் அழுத்தியும் வெளிறாமல் இருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். அன்றே படமெடுத்துச் செவிலியருக்கு அனுப்பினால், புண் ஆழமாவதற்கு முன்பே இருக்கையையோ மெத்தையையோ மாற்றிவிடலாம். (கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, சூட்டையும் கடினத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.)

ஒன்றில் மட்டும் செயலியின் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. மார்புப் பகுதியின் 6-ஆம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்குத் திடீரென்று கடும் தலைவலியும் வியர்வையும் ஏற்பட்டு, இரத்த அழுத்தமும் வழக்கத்தைவிட மிகவும் உயர்ந்தால், அது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான ஆடைகளைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால் ஆம்புலன்சை அழையுங்கள். அவருடைய வழக்கமான இரத்த அழுத்த அளவைக் கைபேசியில் பதிந்து வைத்திருந்தால், அவரை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவரும் உயர்வை உடனே புரிந்துகொள்வார்.

பராமரிப்பவருக்குத் தனிக் கணக்கு தரும் செயலியையே தேர்ந்தெடுங்கள்; எந்தப் பதிவைக் குடும்பத்தினர் பார்க்கலாம் என்பதைப் படைவீரரே முடிவு செய்யட்டும்.