அலுவலகத்தில் ‘வாங்கம்மா’, வீட்டில் ‘ஏய்’

கேள்வி: என் மகன் புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். ஆயுதபூஜைக்கு அங்கே போயிருந்தபோது, தரை துடைக்கும் வயதான பெண்மணியை ‘வாங்கம்மா, சாப்பிட்டீங்களா?’ என்று அவன் விசாரித்ததைக் கேட்டுப் பூரித்தேன். ஆனால், எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பாத்திரம் தேய்ப்பவரை, அவருக்கும் அதே வயதுதான், ‘ஏய், இங்க வா’ என்கிறான். அவர் காபி குடித்த டம்ளரைக் கழுவி ஜன்னலில் வைக்கச் சொல்லி அதட்டுகிறான். கண்டித்தால், ‘பாட்டியும் அப்படித்தானே பேசுகிறார்’ என்கிறான். இதில் எது நடிப்பு?
- ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இரண்டுமே நடிப்பல்ல. ஓரிடத்தில் எது மரியாதை, எது தகாது என்பதை, அங்கிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், எதற்கு முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்தே நாம் கற்றுக்கொள்கிறோம். அலுவலகத்தில் அவன் ‘ஏய்’ என்றால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படிப் பார்க்க இதுவரை யாரும் இருந்ததில்லை. அதனால் அவன் செய்வது சரியாகிவிடாது. அந்தப் பெண்மணிக்கு அது அன்றாட அவமானம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஜன்னல் டம்ளர்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. தீண்டாமையின் பெயரால் டீக்கடையில் தனிக் குவளை வைப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் அதைக் கேட்பாரில்லை. சுத்தத்துக்காக என்று சொல்வீர்களானால், வீட்டார் அனைவரின் எச்சில் டம்ளரையும் தேய்ப்பவர் அவர்தானே? அந்த டம்ளர் அலமாரிக்கு வராததைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவனுக்கு, அவர் நம்மில் ஒருவர் அல்லர் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய சோதனையொன்றில், உடனிருந்தவர்களிடம் முன்கூட்டியே பேசிவைத்து, ஒருமுகமாகத் தவறான விடையைச் சொல்லவைத்தார். விவரமறியாமல் கலந்துகொண்டவர்கள், கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை அந்தத் தவறான விடையையே சொன்னார்கள். சரியான விடையைச் சொல்ல ஒரே ஒருவரைச் சேர்த்தபோது, அப்படி ஒத்துப்போவது ஏறக்குறையக் கால்பங்காகக் குறைந்தது. உங்கள் வீட்டில் அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும்.

மகனைத் தனியே அழைத்து நீண்ட அறிவுரை சொல்ல வேண்டாம். ‘ஏய்’ என்று அவன் கூப்பிட்ட உடனே, அந்தப் பெண்மணியின் எதிரிலேயே, ‘அம்மான்னு கூப்பிடுப்பா’ என்று சொன்னால் போதும். நாளை முதல் நீங்கள் குடிக்கும் டம்ளர்களில் ஒன்றிலேயே அவருக்கும் காபி கொடுங்கள். மாமியார் முணுமுணுக்கக்கூடும், அவரோடு வாதாடவும் வேண்டாம், அவருக்காக டம்ளரை ஜன்னலுக்குத் திருப்பவும் வேண்டாம். அந்தப் பெண்மணியே கூச்சப்பட்டு, ‘எனக்குப் பழைய டம்ளரே போதும்மா’ என்று மறுக்கலாம், ஏனென்றால் அவரும் இத்தனை ஆண்டுகளாக அதே வீட்டு வழக்கத்தில்தான் இருக்கிறார். எல்லோர் முன்னிலையிலும் வற்புறுத்தி அவரைச் சங்கடப்படுத்தாமல், வேலை முடிந்ததும் கூடத்தில் உட்காரச் சொல்லி, நீங்களும் அவருடன் அமர்ந்து குடியுங்கள்.