கழுத்தில் வலி இல்லை, ஆனால் கை விரல்கள் ஒத்துழைக்கவில்லை

மருத்துவர் பதில்கள்: தலை, கழுத்து, தண்டுவட அறுவை சிகிச்சை

கேள்வி: என் கணவருக்கு 57 வயது. தையல் கடை வைத்திருக்கிறார். சில மாதங்களாக ஊசியில் நூல் கோர்க்கவும் சட்டைப் பொத்தான் போடவும் சிரமப்படுகிறார், நடக்கும்போது தள்ளாடுகிறார். கழுத்தில் வலியே இல்லை. சர்க்கரையால் வந்த நரம்பு பாதிப்பு என்று எண்ணி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை தேவை என்கிறார்கள். கழுத்தில் கத்தி வைத்தால் கை கால் விழுந்துவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். சுளுக்கு வழிப்பவரிடம் காட்டலாமா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: சுளுக்கு வழிப்பவரிடம் காட்டவே காட்டாதீர்கள், அம்மா. தண்டுவடத்துக்கு இடமில்லாமல் நெருக்கியிருக்கும் கழுத்தைத் திருகுவதும் சொடுக்குவதும் ஆபத்தானவை. ஈரமான குளியலறையில் வழுக்கி விழுவதுகூட, இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு இரு கைகளையும் ஒரே நாளில் செயலிழக்கச் செய்துவிடலாம். அறுவை சிகிச்சை முடியும் வரை அவர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலி இல்லாததால்தான் இந்த நோய் பெரும்பாலும் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. வயதாக ஆகக் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் தேய்ந்து புடைப்பதும், எலும்பு முனைகள் வளர்வதும், தசைநார்கள் தடிப்பதும் சேர்ந்து தண்டுவடம் செல்லும் வழியைக் குறுக்குகின்றன. முதலில் நுணுக்கமான விரல் வேலையும் நடையின் சமநிலையும் கெடுகின்றன. பின்னர் சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம். சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவருக்கு, முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் அசைவது குறையும். தண்டுவடம் நசுங்கியவருக்கோ அது வழக்கத்தைவிட வேகமாக எகிறும். விரல்களை முழுமையாக மடக்கி விரிப்பதை ஆரோக்கியமான ஒருவரால் 10 விநாடிகளில் 20 முறைக்கு மேல் செய்ய முடியும். உங்கள் கணவரைச் செய்யச் சொல்லி எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த மாதம் குறைந்ததா என்று ஒப்பிட அது உதவும்.

உறவினர்களின் அச்சம் புரிகிறது. ஆனால் சும்மா இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அறுவை சிகிச்சை இல்லாமல் கவனிக்கப்பட்டவர்களில் 20 முதல் 62 சதவீதம் பேர் மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் மேலும் மோசமடைந்ததாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. மிதமான அல்லது கடுமையான பாதிப்புக்கு அறுவை சிகிச்சையையே 2017-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் நெருக்கம் இருந்தால் பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கமாகச் சென்று டிஸ்க்கை நீக்கி எலும்புகளை இணைப்பார்கள். பல இடங்களில் இருந்தால் பின்பக்கமாக வழியை அகலப்படுத்துவார்கள். கை கால் செயலிழப்பது அரிது. முன்பக்க அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் விழுங்கச் சிரமமும் குரல் கம்மலும் வரலாம். நூற்றில் ஏறக்குறைய ஐந்து பேருக்குத் தோள் தூக்கும் பலம் குறைந்து, பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தச் சிகிச்சையின் முதல் நோக்கம் பாதிப்பு மேலும் கூடாமல் நிறுத்துவதுதான். விரல்கள் ஓரளவு தேறலாம். பழைய வேகம் முழுவதும் திரும்பும் என்று யாராலும் உறுதி தர இயலாது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் தேறும் வாய்ப்பைக் குறைக்கிறது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸின் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவில் எம்.ஆர்.ஐ. படங்களுடன் காட்டுங்கள். இதற்கிடையே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், ஏனெனில் புகை, எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும்.

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது. இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு மாதத்துக்கு முன் வாசற்படியில் தலை இடித்துக்கொண்டார், காயமில்லாததால் விட்டுவிட்டோம். இப்போது பேச்சு தடுமாறுகிறது, எப்போதும் தூங்குகிறார், ஒரு காலை இழுத்து நடக்கிறார். வயதின் மறதியா?
– ஒரு வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லும்படி தொலைபேசியில் சொல்லிவிட்டோம். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கலாம் என்பதால் இங்கே வெளியிடுகிறோம். முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் அதன் மேற்பரப்பிலிருந்து செல்லும் சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. லேசான இடியிலும் கிழிந்து மெதுவாகக் கசியும். வாரக்கணக்கில் சேரும் ரத்தம் மூளையை அழுத்தும்போதுதான் குடும்பத்தார் மாற்றத்தைக் கவனிக்கிறார்கள். மறதி நோய் பொதுவாக ஆண்டுக்கணக்கில் கூடும். சில வாரங்களில் ஒரு பக்கக் கால் இழுபடாது. ஒரு சி.டி. ஸ்கேன் போதும், தெரிந்துவிடும். பெரும்பாலும் மண்டையோட்டில் சிறிய துளையிட்டு அந்த ரத்தத்தை வெளியேற்றுவார்கள். கேம்பிரிட்ஜில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், அதன்பின் சிறு குழாய் வைத்தவர்களில் 9.3 சதவீதத்தினருக்கும் வைக்காதவர்களில் 24 சதவீதத்தினருக்கும் ரத்தம் மீண்டும் சேர்ந்தது. எந்த மாத்திரை, எந்த அளவு என்பதைச் சீட்டுடன் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: 32 வயது, மென்பொருள் வேலை. கழுத்திலிருந்து நடுவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல மூன்று வாரமாக வலி. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் புடைப்பு என்று வந்திருக்கிறது. அறுவை சிகிச்சை அவசியமா?
– ஒரு வாசகர், மாரத்தஹள்ளி, பெங்களூரு

பதில்: இப்போதைக்கு அவசியமாகத் தெரியவில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரை ஜப்பானில் பரிசோதித்தபோது 87.6 சதவீதத்தினருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது என 2015-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. அறிக்கையின் வரிகளை மட்டும் படித்து மனம் தளராதீர்கள். உங்களுக்கு அழுந்தியிருப்பது கைக்குச் செல்லும் நரம்பு வேராக இருக்கலாம். மருந்தும் பிசியோதெரபியும் கொண்டு இது பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் தணிந்துவிடும். முழங்கையை நீட்டித் தள்ளும் பலம் குறைந்தாலோ, முதல் வாசகியின் கணவரைப்போல விரல் வேலையும் நடையும் தடுமாறினாலோ காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.