மடி இருக்கை ஆகாது

காரில் குழந்தைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாலக்கோடு வாசகி: எட்டு மாதக் குழந்தை பின்நோக்கிய இருக்கையில் அழுகிறாள். முன்பக்கம் திருப்பிவிடலாமா?

கூடாது. குறைந்தது 15 மாதம்வரை திருப்பாதீர்கள். இருக்கை எடை தாங்கினால் இன்னும் நீட்டுங்கள். இந்த வயதில் தலை கனம், கழுத்து இளசு. அழுதால் வண்டியை ஓரங்கட்டித் தூக்குங்கள். இருக்கை பின்னால்தான் இருக்க வேண்டும். ஏர்பேக் உள்ள முன் இருக்கை வேண்டவே வேண்டாம்.

ஊத்தங்கரை வாசகர்: தம்பி வீட்டுப் பழைய இருக்கையை வாங்கிக்கொள்ளலாமா?

விபத்தில் சிக்கியதா என்று தம்பியைக் கேளுங்கள். சிக்கியிருந்தால் குப்பையில் போடுங்கள்.

தருமபுரி வாசகர்: மாதம் ஒருமுறை சேலம் போகிறோம். மூன்று வயது மகன் முன்னால் மனைவி மடியில் இருப்பான். அவள் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், நானும் மெதுவாகத்தான் ஓட்டுவேன். போதாதா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. சேலம் போக வேண்டுமென்றால் தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும். நீங்கள் மெதுவாகப் போவீர்கள், சரி. பின்னால் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிக்கு அது தெரியுமா? 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நின்றால், 14 கிலோ பையன் ஐந்தாறு சிமெண்ட் மூட்டை கனத்தோடு முன்னால் பாய்வான். உங்கள் மனைவி எத்தனை மூட்டையைப் பிடித்து நிறுத்துவார்? எதிரே ஏர்பேக் வேறு வெடித்து விரியும்.

போன மாம்பழப் பருவத்தில் ஒருவர் வண்டியைக் காட்ட வந்தார். டிக்கியில் மல்கோவா, நசுங்காமலிருக்க வைக்கோல் திணித்துக் கயிறு போட்டுக் கட்டிய கூடை. அதன் அடியில் உறை பிரிக்காத குழந்தை இருக்கை. குழந்தை? மடியில். 14 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. அவர் கூடைக்குக் கொடுத்த விலையே அதைவிட அதிகம்.

அரூர் வாசகர்: மகளுக்கு ஒன்பது வயது. பெல்ட் சரியாகப் படிய உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கையை எடுத்துவிடலாமா?

உயரத்தை எழுதாமல் வயதை எழுதினால் நான் என்ன சொல்வது? சுமார் 145 செ.மீ. வந்து, பெல்ட் கழுத்தை உரசாமல் தோள்மேல் படிந்து, இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் இருந்தால் எடுக்கலாம். அப்போதும் பின் இருக்கைதான்.

ஓசூர் வாசகர்: ஊருக்குள் மட்டும் சன்ரூஃபில் நிற்கவிடலாமா?

வேண்டாம்.

பர்கூர் வாசகி: தூங்கும் குழந்தையைக் காரில் விட்டுப் பத்து நிமிடம் கடைக்குப் போய்வரலாமா?

வெளியே 38 டிகிரி என்றால் அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே 48 ஆகிவிடும். எழுப்பித் தூக்கிக்கொண்டு போங்கள். அழுதால் அழட்டும்.