மாஸ்க் அணிந்தும் தீராத களைப்பு: நித்திரை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு 61 வயது, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான்கு மாதங்களுக்கு முன் செய்த நித்திரைப் பரிசோதனையில் மணித்தியாலத்துக்கு 38 தடவை மூச்சு தடைப்படுவதாகக் கண்டு, வைத்தியர் சீபாப் கருவி (நித்திரையில் தொண்டை மூடாதபடி மாஸ்க் வழியாக இடைவிடாமல் காற்றைச் செலுத்தும் கருவி) பாவிக்கச் சொன்னார். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கை அணிந்து இரவு 9 மணிக்கே படுத்துவிடுகிறேன். குறட்டை அடியோடு நின்றுவிட்டதாகக் கணவர் சொல்கிறார். கருவியின் திரையிலும் 2.4 என்றே காட்டுகிறது. ஆனாலும் பின்னிரவு 2 மணியளவில், நாக்கு அண்ணத்தில் ஒட்டும் அளவுக்கு வாய் வறண்டு விழித்துவிடுகிறேன். விடியும்போது மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கழற்றிய நினைவே இல்லை. பகலில் பழைய களைப்பு அப்படியே இருக்கிறது. குளிரூட்டியை 20 பாகையில் வைத்துத்தான் படுப்போம். கருவி பழுதா, அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: கருவி பழுதாகவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அழுத்தத்தை நீங்களாகக் கூட்ட வேண்டாம். காற்று வாய் வழியாகத் தப்பிப் போகும் ஒருவருக்கு அழுத்தம் கூடினால் கசிவும் கூடும், வறட்சியும் கூடும்.

முதலில் அந்த 2.4 என்ற எண்ணைச் சற்று விளக்க வேண்டும். மணித்தியாலம் ஒன்றில் மூச்சு எத்தனை தடவை நின்றது அல்லது குறைந்தது என்பதன் சராசரி அது. பரிசோதனையில் 30க்கு மேல் வந்தால் கடுமையான நிலை. சிகிச்சையில் 5க்குக் கீழே வந்தால் நல்ல கட்டுப்பாடு. அந்த வகையில் உங்கள் எண் நல்ல எண்தான். ஆனால் மாஸ்க் முகத்தில் இருந்த நேரத்துக்கு மட்டுமே அது பொருந்தும். இரண்டரை மணிக்கு மாஸ்க் கழன்றுவிட்டால், அதன்பின் ஆறு மணி வரை தொண்டை எத்தனை தடவை மூடிக்கொண்டது என்பது எந்தக் கணக்கிலும் வராது. கனவு காணும் நித்திரையின் பெரும்பகுதி இரவின் பிற்பாதியிலேயே வருகிறது என்பதையும், அப்போது தசைகள் மிகவும் தளர்ந்திருப்பதால் பலருக்கு மூச்சுத்தடை அந்த நேரத்தில்தான் மோசமாகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிகிச்சை மிகவும் தேவைப்படும் மணித்தியாலங்களில் உங்களுக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்பது விளங்கும். மேலும், காற்றோட்டத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு நீங்கள் நித்திரையாக இருக்கிறீர்களா, கண் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்பது தெரியாது. ஆகவே இனிமேல் திரையில் அந்த எண்ணோடு நிற்காமல், எத்தனை மணித்தியாலம் பாவித்தீர்கள், கசிவு எவ்வளவு என்ற இரண்டையும் பாருங்கள்.

கசிவைப் பற்றி ஒரு குறிப்பு. பரவலாகப் புழங்கும் ஒரு வகைக் கருவியில், நிமிடத்துக்கு 24 லீற்றருக்கு மேல் கசிந்தால் அதிகம் என்று கொள்வார்கள். வேறு சில கருவிகள், மாஸ்க்கில் மூச்சு வெளியேறுவதற்காகவே விடப்பட்டுள்ள துளைகளால் போகும் காற்றையும் சேர்த்துக் காட்டுவதால், அவற்றில் எண் இயல்பாகவே பெரிதாக இருக்கும். பக்கத்து வீட்டாரின் கருவியோடு ஒப்பிட்டுப் பயந்துவிடாதீர்கள்.

இனி வாய் வறட்சி. இந்தச் சிகிச்சையை 1980இல் சிட்னியில் வைத்தியர் கொலின் சலிவன் முதன்முதலாகச் செய்துபார்த்தபோது, அவர் பயன்படுத்திய தத்துவம் எளிமையானது: மூக்கின் வழியே இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, அந்த அழுத்தத்தால் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிப்பது. இன்றைய கருவிகளும் அதையேதான் செய்கின்றன. நித்திரையில் வாய் திறந்தால் அந்தத் தாங்கு குலைகிறது. மூக்கால் நுழைந்த காற்று வாயால் வெளியே பாய்கிறது. அப்படிப் பாயும் வறண்ட காற்று மூக்கின் உட்சவ்வைக் காயவைக்க, சவ்வு வீங்கி மூக்கு அடைபட, வாய் இன்னும் அகலத் திறக்கிறது. உங்கள் 2 மணி விழிப்புக்கு இந்தச் சுழற்சியே முதற் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

கொழும்புக் காற்றில் ஈரம் தாராளமாக இருக்கும்போது வறட்சி எப்படி என்று கேட்கலாம். குளிரூட்டியின் குழாயிலிருந்து வெளிச்சுவரில் சொட்டுச் சொட்டாக வடிகிறதே, அது உங்கள் அறைக் காற்றிலிருந்து எடுத்த ஈரம்தான். எனவே குளிரூட்டியை 25 அல்லது 26 பாகைக்கு உயர்த்துங்கள். கருவியின் ஈரப்பதமூட்டி நிறுத்தப்பட்டிருந்தால் இயக்கி, நடு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். அதிகம் கூட்டினால் வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த குழாயில் நீராகப் படிந்து, களகளவென்று சத்தமிட்டு முகத்தில் தெறிக்கும். அப்படி நேர்ந்தால் குழாயைத் துணியால் சுற்றுங்கள். கருவியைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். சூடேறும் குழாய் கிடைக்குமானால் அது இன்னும் நல்லது. ஈரப்பதமூட்டியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். வாகனப் பற்றரிக்கு விற்கும் நீர் மூச்சோடு உள்ளிழுப்பதற்காகத் தயாரிக்கப்பட்டதன்று, அதை வாங்காதீர்கள். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டிப் பாத்திரத்தைக் காயவிடுங்கள்.

ஒரு வாரத்தில் குணம் தெரியாவிட்டால் மூக்கைக் கவனியுங்கள். தூசு ஒவ்வாமையால் மூக்கு அடைபடுபவராயின், காய்ச்சி ஆறவைத்த நீரில் கலந்த உப்புக் கரைசலால் படுக்கைக்கு முன் மூக்கைக் கழுவுவது உதவும். வைத்தியர் ஸ்டெரொயிட் மூக்கு ஸ்பிரே தந்தால், பலன் தெரியச் சில நாட்களோ வாரங்களோ எடுக்கும் என்பதால் பொறுமையாகத் தொடருங்கள். உடனே மூக்கைத் திறக்கும் ஸ்பிரேக்களைச் சில நாட்களுக்கு மேல் பாவித்தால் அடைப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பும். மூக்கு திறந்திருந்தும் வாய் திறக்கிறதென்றால், நாடியைத் தாங்கும் பட்டியைப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் போதாவிட்டால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாற வேண்டியிருக்கும். வாயைப் பிளாஸ்டரால் ஒட்டும் யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மூக்கடைப்பின்போதும் வாந்தி வரும்போதும் அது ஆபத்தாகும்.

மாஸ்க் பொருந்துகிறதா என்பதைக் கருவியை ஓடவிட்டு, படுத்த நிலையிலேயே பார்க்க வேண்டும். பட்டியை இறுக்கினால் கசிவு நிற்கும் என்பது பொதுவான தவறு. அளவுக்கு மீறி இறுக்கினால் மாஸ்க்கின் மெத்தென்ற விளிம்பு மடிந்து கசிவு கூடுவதோடு மூக்குத்தண்டும் புண்ணாகும். இரவில் தலைக்கும் முகத்துக்கும் தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசையில் மாஸ்க் வழுக்கும், சிலிக்கனும் விரைவில் கெடும். முகத்தில் படும் பகுதியை மென்மையான சவர்க்காரத்தால் தினமும் கழுவுங்கள்.

கடைசியாக, நீங்கள் 9 மணிக்கே படுப்பதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நெடுநாள் மூச்சுத்தடையால் வருந்தியவர்களில் கணிசமானோருக்கு நித்திரையின்மையும் கூடவே குடியிருக்கும். மூச்சுத்தடையை நிறுத்துவதால் மட்டும் அது போய்விடாது. களைப்பை ஈடுகட்ட முன்கூட்டியே படுப்பதும், விழித்தபின் மாஸ்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடப்பதும் அதை வளர்க்கும். நித்திரை உண்மையில் கண்ணைச் சுழற்றும்போது, பத்தரை மணி போலப் படுத்து, தினமும் ஒரே நேரத்தில் எழும்புங்கள். நடுவில் விழித்தால், கால் மணித்தியாலம் அளவில் நித்திரை திரும்பாதபோது எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்துவிட்டு, மாஸ்க்கை மறுபடி அணிந்து படுங்கள். பகலிலும் அரை மணித்தியாலம், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே மாஸ்க்கைப் போட்டுப் பழகுங்கள். நித்திரையில் கை தானாக அதைக் கழற்றுவது இதனால் குறைவதைப் பார்த்திருக்கிறேன். நித்திரை மாத்திரையை வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. சில வகை மாத்திரைகள் தொண்டைத் தசைகளைத் தளர்த்தும், மூச்சையும் மந்தமாக்கும்.

எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றாமல், ஒன்றை மாற்றி ஐந்தாறு இரவுகள் பார்த்துக் கொப்பியில் குறித்து வையுங்கள். அந்தக் கொப்பியோடும் கருவியின் பதிவு அட்டையோடும் வைத்தியரிடம் போனால் அவருக்குப் பேருதவியாக இருக்கும். தொடக்க அழுத்தம் 4 என்றிருந்தால் பெரியவர்கள் பலருக்குக் காற்றுப் போதாதது போல மூச்சு முட்டும். அதை உயர்த்தலாமா என்று அவரைக் கேளுங்கள். தொண்டை திறந்திருந்தும் மூச்சு நிற்கும் வகைத் தடைகள் பதிவில் அதிகம் தெரிந்தாலோ, வயிறு காற்றால் உப்பினாலோ, உங்களுக்கு இதய நோய் இருந்தாலோ அதை மறக்காமல் சொல்லுங்கள். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஒழுங்காகப் பாவித்தும் களைப்பு தீராவிட்டால் தைரொயிட், இரும்புச் சத்து, இரவில் கால் குடைச்சல், மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அதுவரை, கண் சொக்குமானால் காலி வீதியில் வாகனம் ஓட்டாதீர்கள்.

கேள்வி: ரொறன்ரோவிலுள்ள மைத்துனர், தாம் பாவித்த சீபாப் கருவியை என் தந்தைக்கு அனுப்புவதாகச் சொல்கிறார். பாவிக்கலாமா? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மின்சாரம் பெரும்பாலும் தடையாக இராது, இக்கருவிகளின் மின்மாற்றிகள் பொதுவாக 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்பவை. ஆனாலும் அதன்மேல் எழுதியிருப்பதை வாசித்து உறுதி செய்யுங்கள். நான் அஞ்சுவது வேறு இரண்டு விடயங்களை. ஒன்று, உள்ளிருக்கும் ஒலித்தடுப்பு நுரை சிதைவதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் பல மாதிரிக் கருவிகளைத் திரும்ப அழைத்தது; மைத்துனரின் கருவி அவற்றில் ஒன்றா என்பதை இலக்கத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றது, அதிலிருக்கும் அழுத்தம் அவருடைய தொண்டைக்கு நிர்ணயித்தது. தந்தைக்கு நித்திரைப் பரிசோதனை செய்து, வைத்தியர் சொல்லும் அழுத்தத்தை அமைத்த பிறகே பாவிக்கலாம். மாஸ்க், குழாய், வடிகட்டி மூன்றையும் புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: நள்ளிரவில் மின்சாரம் நின்றால் மாஸ்க்குக்குள் மூச்சு முட்டி ஆபத்தாகுமா? 2022இல் இருந்தது போன்ற மின்வெட்டு மறுபடி வந்தால் என்ன செய்வது? – வாசகர், தெஹிவளை

பதில்: மூக்கு மாஸ்க் அணிந்தவர் வாயால் மூச்சு விடலாம். வாயையும் மூடும் மாஸ்க்கில், காற்று நின்றதும் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும் வால்வு உண்டு. கழுவும்போது அது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினிக்கு வைக்கும் சிறிய யூ.பி.எஸ். இரவு முழுவதும் தாங்காது. கருவிக்கு ஏற்ற பற்றரியை விற்பனையாளரிடம் கேட்டு வாங்கி, அதில் ஓடும்போது ஈரப்பதமூட்டியையும் குழாய்ச் சூட்டையும் நிறுத்திவிட்டால் நேரம் கணிசமாக நீளும். பற்றரி இல்லாத இரவில் மல்லாந்து படுக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து ஒருக்களித்துப் படுங்கள்.