மின்காரில் நடுங்கிக்கொண்டு போகத் தேவையில்லை: வாசகர் கேள்வி பதில்

மின்காரின் ஹீற்றர் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். கேட்டவர்கள் எல்லோரும் ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் இருப்பவர்கள். அந்தக் குளிரை மனதில் வைத்தே பதில்கள்.

கோடையில் வாங்கிய கார் முழுச் சார்ஜில் 400 கிலோமீற்றர் காட்டியது. இப்போது 270தான். ஹீற்றர் போட்டால் இன்னும் இறங்கும் என்று என் கணவர் அதை நிறுத்திவிடுகிறார். கையுறை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போய் வருகிறோம். இது சரியா?
வாசகி, ஸ்காபரோ

தூரம் இறங்குவது உண்மை. அதற்காக ஹீற்றரை நிறுத்துவது தேவையில்லாத வேலை.

பெற்றோல் காரில் எரிபொருளின் சக்தியில் பெரும்பங்கு வெப்பமாக வீணாகிறது. அதில் ஒரு பகுதியைத்தான் ஹீற்றர் சும்மா எடுத்து உள்ளே அனுப்பியது. மின்மோட்டாரில் வீணாவது மிகக் குறைவு. ஆகவே உள்ளே வேண்டிய சூட்டுக்கெல்லாம் பற்றரிதான் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019இல் வெளியிட்ட சோதனையில், மைனஸ் 7 பாகையில் ஹீற்றர் இல்லாமல் ஓடியபோது சராசரியாக 12 சதவீதமும், ஹீற்றருடன் ஓடியபோது 41 சதவீதமும் தூரம் குறைந்தது. கனடாவில் அதேபோன்ற சங்கமான சி.ஏ.ஏ. 2025 பெப்ரவரியில் 13 மின்கார்களை ஒட்டாவாவிலிருந்து மொன்-ட்ரம்பிளா பக்கம் ஓட்டிப் பார்த்தது. அறிவிக்கப்பட்ட தூரத்தில் 14 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. உங்கள் காரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அது கோளாறல்ல.

கவனிக்க வேண்டியது இது: ஹீற்றர் தின்பது நேரக் கணக்கில், கிலோமீற்றர் கணக்கில் அல்ல. மைனஸ் 10இல், மின்சாரத்தை நேரே சூடாக மாற்றும் சாதாரண மின்தடை ஹீற்றர் உள்ள கார் முதல் பத்து நிமிடம் 5 கிலோவாற் அளவில் இழுக்கும். உள்ளே சூடானபின் 2 கிலோவாற் அளவுக்கு இறங்கும். 401 நெடுஞ்சாலையில் 100 வேகத்தில் ஓடும்போது காருக்கே 18 முதல் 20 கிலோவாற் வேண்டும், அதோடு பார்த்தால் இந்த 2 பெரிய விஷயமில்லை. ஆனால் மோர்னிங்சைட்டிலோ கென்னடி வீதியிலோ சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது ஓட்டத்துக்குச் சராசரியாக 4, 5 கிலோவாற்தான் போகும். அங்கே அதே 2 கிலோவாற் கிட்டத்தட்டப் பாதிச் செலவை மேலே ஏற்றிவிடும். நகரத்துக்குள் குறுகிய ஓட்டங்களில் எண்கள் பயமுறுத்துவது இதனால்தான்.

இப்போது உங்கள் பயணத்தைக் கணக்குப் பார்ப்போம். வேலைக்கு 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்துக்கு 0.8, மீதி நாற்பது நிமிடத்துக்கு 1.3, மொத்தம் ஏறத்தாழ 2 கிலோவாற் மணி. 60 கிலோவாற் மணிப் பற்றரியில் இது ஏறத்தாழ மூன்றரைச் சதவீதம்தான். மாலையில் வீடு வந்து சேரும்போது பற்றரியில் பாதி மிச்சம் இருக்குமென்றால், கை விறைக்க விறைக்க ஓட்டி என்ன லாபம்? விறைத்த விரலோடு பனிவழுக்கலில் ஸ்ரியறிங் பிடிப்பது ஆபத்தும்கூட.

சேமிக்கத்தான் வேண்டுமென்றால் காற்றைச் சூடாக்குவதைக் குறைத்து உடம்பைச் சூடாக்குங்கள். இருக்கைச் சூடு ஒன்றுக்கு 50 முதல் 75 வாற், ஸ்ரியறிங் சூட்டுக்கு அதைப்போல இன்னொரு பங்கு. இரண்டையும் போட்டுவிட்டு ஹீற்றரை 22இலிருந்து 18, 19க்கு இறக்குங்கள். மேலங்கியைக் கழற்றி மடியில் போடுங்கள். தடித்த அங்கியோடு உட்கார்ந்தால் முதுகுக்கு வரும் சூடு துணியோடு நின்றுவிடும். தனியாக ஓட்டுபவர்கள் ஹியுண்டாய், கியா கார்களில் 'ஓட்டுநருக்கு மட்டும்' என்ற பொத்தானை அழுத்தினால் மற்றத் துவாரங்கள் மூடிக்கொள்ளும்.

காலையில் புறப்படுமுன் செயலியில் சூடாக்கப் போடுகிறேன். சாதாரண 120 வோல்ற் சுவர்ச் சொக்கற்றில் செருகித்தான் இருக்கிறது. ஆனாலும் சார்ஜ் இரண்டு மூன்று சதவீதம் குறைகிறது. ஏன்?
வாசகர், பிரம்டன்

சுவரிலிருந்து வருவதைவிட ஹீற்றர் கூடுதலாக இழுக்கிறது, அவ்வளவுதான். 120 வோல்ற் சொக்கற்றில் 12 அம்பியர் எடுத்தால் 1.4 கிலோவாற். உறைந்த காரைச் சூடாக்க 5, 6 கிலோவாற் வேண்டும். மிச்சத்தைப் பற்றரி போடுகிறது. மைனஸ் 20இல் சில கார்களில் அந்த 1.4 முழுவதும் பற்றரியை இளஞ்சூடாக வைப்பதற்கே சரியாகிவிடும், இரவு முழுக்கச் செருகியும் சார்ஜ் ஏறவில்லை என்று ஆட்கள் திகைப்பார்கள். 240 வோல்ற், 32 அம்பியர் சார்ஜர் பூட்டினால் 7.7 கிலோவாற் வரும். அப்போது ஹீற்றரின் செலவு முழுவதும் சுவரோடு போய்விடும்.

அது வரை, இருப்பதை வைத்து இப்படிச் செய்யுங்கள். 'இப்போது சூடாக்கு' என்பதை விட்டு, புறப்படும் நேரத்தைக் காரில் பதியுங்கள். பல கார்கள் அந்த நேரத்துக்குச் சார்ஜும் முடிந்து உள்ளேயும் சூடாகும்படி தாமே கணக்குப் போடும். சார்ஜ் ஏறும்போது பற்றரியும் சற்றுச் சூடாகும். இரவு ஒரு மணிக்கே முடிந்துவிட்டால் விடியுமுன் அந்தச் சூடு போய்விடும். ஒன்ராறியோவில் இரவு 11 முதல் காலை 7 வரையான மலிவுக் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்கள், சார்ஜ் 7 மணிக்குக் கிட்ட முடியும்படி வைத்தால் இரண்டு வகையிலும் லாபம். உள்ளே சூடாக்க மைனஸ் 10இல் 15, 20 நிமிடம் போதும். மைனஸ் 20இல் 30, 40 நிமிடம் கொடுங்கள். கராஜ் கதவு மூடியிருந்தாலும் பயமின்றிச் சூடாக்கலாம், புகைக்குழாயே இல்லை. மெல்லிய நீட்டிப்பு வயர் மட்டும் வேண்டாம். மணிக்கணக்காக 12 அம்பியர் போனால் அதன் செருகி உருகும்.

மின்சாரம் மிச்சமாகட்டும் என்று உள்காற்றையே சுழல விடுகிறேன். பத்து நிமிடத்தில் கண்ணாடி முழுக்க நீராவி பிடிக்கிறது.
வாசகர், ஏஜாக்ஸ்

உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மூச்சும் தோலும் மணிக்கு 40, 50 கிராம் நீரை வெளிவிடும். நாலு பேர் என்றால் ஏறத்தாழ ஒரு தம்ளர் தண்ணீர். சப்பாத்தில் ஒட்டி வந்து கால்விரிப்பில் உருகும் பனி வேறு. உள்காற்றைச் சுழல விட்டால் இவ்வளவும் போக வழியில்லாமல் குளிர்ந்த கண்ணாடியில்தான் படியும்.

வெளிக்காற்று ஈரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மைனஸ் 10இல் ஒரு கனமீற்றர் காற்றில் 2 கிராம் அளவு நீராவிதான் தங்கும். அதே காற்று 20 பாகைக்குச் சூடானால் 17 கிராம் வரை தாங்கும். அதாவது உள்ளே வந்து சூடாகும் வெளிக்காற்று வரண்ட துணிபோல ஈரத்தை உறிஞ்சும். ஆகவே வெளிக்காற்றைத் திறந்து, காற்று கண்ணாடிக்கும் காலுக்கும் போகும்படி வையுங்கள். முன்கண்ணாடிப் பனிநீக்கிப் பொத்தான் ஹீற்றரை உச்சத்துக்குக் கொண்டுபோகும், தெளிந்ததும் அணைத்துவிடுங்கள். முன்கண்ணாடியின் அடியில் உள்ள காற்று வாயிலில் பனி நிரம்பியிருந்தால் இவை ஒன்றும் பலிக்காது. புறப்படுமுன் அதைத் தட்டிவிடுங்கள். றப்பர் விரிப்பில் தேங்கிய தண்ணீரை வீட்டுக்கு வந்ததும் கவிழ்த்துக் கொட்டுங்கள். கண்ணாடியின் உட்புறத்தை மாதம் ஒருமுறை நன்றாகத் துடையுங்கள். எண்ணெய்ப்படலத்தில்தான் நீராவி சட்டென்று பிடிக்கும்.

ஹீற் பம்ப் உள்ள கார். சிவப்பு விளக்கில் நின்றபோது முன்புறமிருந்து வெள்ளைப்புகை கிளம்பியது, விசிறியும் இரைந்தது. தீப்பிடிக்கிறதோ என்று பிள்ளைகளை இறக்கிவிட்டேன்.
வாசகி, மொன்றியல்

பிள்ளைகளை இறக்கியதில் தவறில்லை. ஆனால் அது பெரும்பாலும் நீராவி. ஹீற் பம்ப் என்பது குளிர்பதனப் பெட்டியின் வேலையைத் திருப்பிச் செய்வது. வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சச் சூட்டையும் உறிஞ்சி உள்ளே தள்ளும். அதற்காக முன்பக்கத்து வெப்பமாற்றி வெளிக்காற்றைவிடக் குளிராக இருக்கும், அதனால் அதில் உறைபனி கட்டும். கனமாகக் கட்டியதும் கார் சில நிமிடம் ஹீற் பம்பின் ஓட்டத்தைத் திருப்பி அதை உருக்கும். உருகிய நீர் ஆவியாகி மேலே எழும். அந்தச் சில நிமிடம் உள்ளே காற்றுச் சற்றுக் குளிரலாம். நீராவிக்கு மணம் இல்லை, உடனே கலைந்துவிடும். எரிந்த மணம் வந்தாலோ திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தாலோ விலகி நின்று 911ஐ அழையுங்கள்.

பூச்சியப் பாகைக்குக் கிட்ட, 1 கிலோவாற் மின்சாரத்துக்கு 2 முதல் 3 கிலோவாற் சூடு தருவது இதன் சிறப்பு. குளிர் ஏற ஏற அது குறையும். மைனஸ் 20இல் மின்தடை ஹீற்றரைவிடப் பெரிதாக மேலில்லை. ஆகவே ஜனவரி உச்சக் குளிரில் உங்கள் கார் மற்றக் கார்கள் அளவுக்குச் செலவழித்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று: பெற்றோல் காரில் செய்தது போல காரின் முகப்பில் காற்றுப் புகும் கிறில்லை மட்டையாலோ துணியாலோ மூடாதீர்கள். ஹீற் பம்பின் மூச்சே அந்த வழியாகத்தான்.

பழைய மின்கார் வாங்கினேன். ஹீற்றரில் சூடு வந்து வந்து போகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக் என்று சத்தம்.
வாசகர், ஒட்டாவா

அந்தச் சத்தம் நல்ல துப்பு. ஹீற்றர் இரண்டு வகை. ஒன்று காற்றை நேரே சூடாக்கும். மற்றது 'கூலன்ற்' எனப்படும் திரவத்தைச் சூடாக்கி, சின்னப் பம்பால் சுற்றவிடும். உங்களுடையது இரண்டாவது. திரவம் குறைந்து குழாயில் காற்று புகுந்திருக்க வேண்டும். கார் நன்றாக ஆறியபின் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் கையேட்டில் சொன்ன அதே வகைத் திரவத்தை மட்டுமே சேர்க்க வேண்டும், கடையில் கிடைத்ததை ஊற்ற வேண்டாம். காற்றை வெளியேற்றும் வேலை மெக்கானிக்குக்கு உரியது. பல கார்களில் பரிசோதனைக் கருவியை இணைத்துப் பம்பை ஓடவிட்டுத்தான் அதைச் செய்ய முடியும். திரவம் எங்கே போனது என்றும் கேளுங்கள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் ஒரு மாதத்தில் அதே சத்தம் திரும்பும்.

காற்றே பலமாக வரவில்லை என்றால் முதலில் உட்காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள், இலைச்சருகு அடைத்திருக்கும். துளியும் சூடு இல்லையென்றால் ஹீற்றரின் உயர் மின்னழுத்தப் பியூஸ் போயிருக்கலாம். செம்மஞ்சள் நிற வயர்கள் இருக்கும் இடத்தில் நீங்கள் கை வைக்கவே கூடாது.

பனிப்புயலில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் மின்காரில் உறைந்து போவோமா?
வாசகர், மார்க்கம்

2022 ஜனவரியில் வேர்ஜீனியாவின் ஐ-95 நெடுஞ்சாலையில் ஆட்கள் 24 மணி நேரத்துக்கு மேல் காரிலேயே இருந்தார்கள். அதே மாதம் 17ஆம் திகதி ரொறன்ரோவிலும் நெடுஞ்சாலைகள் பனியில் அடைபட்டன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி.

60 கிலோவாற் மணிப் பற்றரி பாதி நிரம்பியிருந்தால் கையில் 30. நிற்கும் காரை மைனஸ் 10இல் 18 பாகையில் வைத்திருக்க 1.5 முதல் 2 கிலோவாற் போகும். குறைந்தது 15 மணி நேரம். ஹீற்றரை 15 பாகைக்கு இறக்கி, இருக்கைச் சூட்டோடு கம்பளியும் போர்த்தினால் இன்னும் நீளும். புகைக்குழாய் பனியில் புதைந்து காபன் மொனொக்சைட் உள்ளே வரும் அபாயம் பெற்றோல் காரில் உண்டு, இதில் இல்லை. ஆனால் ரெஸ்லாவில் நிறுத்தியபின் சூட்டைத் தொடரவிடும் வசதி 20 சதவீதத்துக்குக் கீழே நின்றுவிடும். ஆகவே புயல் எச்சரிக்கை உள்ள நாளில் 70, 80 சதவீதத்துக்குக் குறையாமல் புறப்படுங்கள். கம்பளி, தண்ணீர், சின்ன மண்வெட்டி பின்பெட்டியில் இருக்கட்டும். காஸ் அடுப்பையோ காஸ் ஹீற்றரையோ காருக்குள் எக்காரணம் கொண்டும் ஏற்றாதீர்கள்.

பின்னால் அம்மம்மாவும் இரண்டு வயது மகளும். பின் இருக்கையில் சூடு இல்லை. சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகும் ஹீற்றர் வாங்கலாமா?
வாசகி, பிக்கரிங்

வேண்டாம். அந்தத் துவாரம் தரக்கூடியது 120 முதல் 180 வாற்தான். அதில் கார் சூடாகாது, பியூஸ்தான் போகும். அதே துவாரத்தில் செருகும் 12 வோல்ற் மின்கம்பளி 45, 60 வாற்றில் அம்மம்மாவின் காலுக்கு நன்றாக வேலை செய்யும். மகளைத் தடித்த குளிர்ச்சட்டையோடு பட்டியில் கட்டாதீர்கள். மோதலில் சட்டை அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு இறுக்கிக் கட்டி, மேலே கம்பளி போடுங்கள்.

குளிரில் விரைவுச் சார்ஜரில் நின்றால் ஒரு மணி நேரமாகியும் ஏறுவதில்லை. ஹீற்றரை நிறுத்திவிட்டு நிற்க வேண்டுமா?
வாசகர், ஒஷாவா

ஹீற்றர் காரணமல்ல. உறைந்த பற்றரிக்குள் மின்சாரத்தை வேகமாகத் தள்ளினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து பற்றரி கெடும். அதனால் காரே சார்ஜ் வேகத்தைக் குறைக்கிறது. 2024 ஜனவரியில் சிக்காகோச் சார்ஜ் நிலையங்களில் வரிசை நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம். போகும் வழியிலேயே காரின் வழிகாட்டியில் அந்தச் சார்ஜரைச் சேருமிடமாகக் கொடுங்கள். அந்த வசதியுள்ள கார்கள் ஓடும்போதே பற்றரியைச் சூடாக்கிக்கொண்டு வரும். இல்லாத கார் என்றால் நீண்ட ஓட்டம் முடிந்த கையோடு, பற்றரி சூடாக இருக்கும்போது செருகுங்கள். கிங்ஸ்டனில் இரவு தங்குவதாக இருந்தால் விடுதிக்குள் போகுமுன்பே சார்ஜ் ஏற்றிவிடுங்கள், காலைக்கு விட வேண்டாம்.