வேக்குவம் சென்சார் பத்தி நீங்க கேட்டதும் என் பதிலும்

ஊட்டியில ஃப்ரிட்ஜ் சர்வீஸ் பண்றேன் சார். கோயம்புத்தூர்ல 28 இன்ச் (பாதரச அளவு) வேக்குவம் காட்டுன அதே பம்பு, அதே கேஜ், இங்க 23 தாண்ட மாட்டேங்குது. பம்பு போயிடுச்சா?

பம்ப கழட்டாதீங்க, அது நல்லா இருக்கு. உங்க முள்ளு கேஜ் வெளிக்காத்தோட ஒப்பிட்டுத்தான் காட்டும், ஊட்டியில வெளிக்காத்தே 780 மில்லிபார் பக்கம்தான், அதனால முழு வேக்குவமே அங்க 23 இன்ச்தான். மைக்ரான் கேஜ் ஒண்ணு வாங்கிடுங்க, அது உள்ள மிச்சமிருக்குற அழுத்தத்தையே காட்டும் (ஒரு மைக்ரான்னா பாதரசத்துல ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), 500 மைக்ரானுக்கு கீழ இறங்கி பம்ப நிறுத்துன பிறகும் ஏறாம நின்னாத்தான் லைன்ல ஈரம் போச்சுன்னு நம்பலாம், முள்ளோட தடிமனுக்குள்ளயே பல ஆயிரம் மைக்ரான் ஒளிஞ்சுக்கும்.

அண்ணா, வீட்ல சின்ன வேக்குவம் சேம்பர் ஒண்ணு பண்றேன், பிஎம்பி280ங்கிற காத்தழுத்த சென்சார் சிப் சும்மா கிடக்கு, அத உள்ள வச்சு அளக்கலாமா?

வேணாம் தம்பி. அது 300ல இருந்து 1100 மில்லிபார் வரைக்கும்தான், ரோட்டரி பம்பு போட்டா கொஞ்ச நேரத்துலயே அதுக்கு கீழ போயிடுவ. இதுல சிக்கலே டயாஃப்ரம்தான், அதாவது அழுத்தத்துக்கு வளையுற தகடு. 1000 மில்லிபார தாங்குற மாதிரி செஞ்ச சிலிக்கான் தகடு 1 மில்லிபாருக்கு ஆயிரத்துல ஒரு பங்குதான் வளையும், ரூம் சூடு கொஞ்சம் மாறுனாலே ரீடிங் தானா நகரும், அந்த ட்ரிஃப்ட்ல அது காணாம போயிடும். சரி மெலிசாக்கிடலாம்னு பாத்தா, தடிமன பாதியாக்குனா எட்டு மடங்கு வளையும், ஆனா வால்வ திறந்து காத்து உள்ள வந்ததும் தாங்கணுமே. கெப்பாசிட்டன்ஸ் மானோமீட்டர்ல இத ரொம்ப அழகா தீத்திருக்காங்க, இன்கோனல் இல்லன்னா செராமிக்ல மெலிசான தகடு, அதுக்குப் பின்னாடி சீல் பண்ண வேக்குவம், தகடு துளி நகந்தாலும் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றம் பிடிச்சு வைக்கிற அளவு) மாறும், ட்ரிஃப்ட் வராம இருக்க நிறைய மாடல்ல 45 டிகிரில சூடாவே வச்சிருப்பாங்க. என்ன வாயுவா இருந்தாலும் சரியா காட்டும், எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இது. ஆனா விலை ஜாஸ்தி, உனக்கு சூடான கம்பிய வச்சு அளக்குற பிரானி கேஜே போதும்.

சாதா பிரானி சில மில்லிபாருக்கு மேல தடுமாறுது, சிப்ல வர்ற மெம்ஸ் (சிலிக்கான்ல செதுக்குன நுண்ணிய அமைப்பு) பிரானி மட்டும் எப்படி அதுக்கு மேலயும் அளக்குது?

எல்லாம் இடைவெளி பண்ற வேலை. பிரானிங்கிறவர் 1906ல பெர்லின்ல பல்பு தயாரிக்கிற எடத்துல இருந்தப்ப செஞ்சது இது, சூடான கம்பிய சுத்தி இருக்குற வாயு எவ்வளவு சூட்ட எடுத்துட்டுப் போகுதுன்னு பாக்குறது. ஒரு மூலக்கூறு இன்னொண்ணு மேல மோதாம போற சராசரி தூரம் 1 மில்லிபார்ல சுமார் 0.07 மில்லிமீட்டர், கம்பிக்கும் சுவருக்கும் இடைவெளி அத விட ரொம்பப் பெருசா இருந்தா அழுத்தம் ஏறுனாலும் சூடு கூடுதலா போகாது, ரீடிங் படுத்துடும். மெம்ஸ்ல அந்த இடைவெளி சில மைக்ரோமீட்டர்தான், அதனால மேல் எல்லை அந்த அளவுக்கு உயருது. கீழ் எல்லைய முடிவு பண்றது கம்பியோட முனை வழியாவும் கதிர்வீச்சாவும் ஓடிப்போற சூடு, அத குறைக்கத்தான் ஹீட்டர மெலிசான கால்கள்ல தொங்க விடுறாங்க.

ஃபர்னஸ்ல ஆர்கான் நிரப்புறோம், பிரானி 20 டார்லயே (கடல்மட்டத்துல வெளிக்காத்து 760 டார்) நிக்குது, இன்னும் திறந்து விடலாமா?

விடாதீங்க, தயவுசெஞ்சு உடனே மூடுங்க! அந்த கேஜ் நைட்ரஜனுக்கு காலிபரேட் பண்ணது, ஆர்கான் சூட்ட கம்மியா கடத்தும், அதனால உள்ள 760 டார் நிரம்புன பிறகும் வாயு சுழற்சியையும் வச்சு அளக்குற கன்வெக்ஷன் வகை பிரானி 20 சொச்சம் டார்தான் காட்டும். முள்ளு ஏறலன்னு இன்னும் நிரப்புனா உள்ள ஓவர் பிரஷர் ஆகி கண்ணாடி ஜன்னல் வெடிக்கும், ஆளுக்கே ஆபத்து. குறைஞ்ச அழுத்தத்துலயும் வித்தியாசம் இருக்கு, 0.1 காட்டுனா நிஜத்துல 0.16 பக்கம். நிரப்புறப்ப டயாஃப்ரம் வகை கேஜ மட்டும் பாருங்க, சேம்பர்ல அழுத்தம் மீறுனா தானா திறக்குற ரிலீஃப் வால்வ் இல்லன்னா அத மாட்டிட்டு அடுத்த பேட்ச போடுங்க.