டெக்சாஸில் எதுவும் பறிபோகாத கொள்ளை முயற்சியில் நடந்த கொலைக்கு, மரண தண்டனை வரை போகக்கூடிய கொலைக் குற்றம் (capital murder) நிற்குமா? அப்பீலில் என்ன வாதிடலாம்?

பணம் கைமாறவில்லை என்பது மட்டும் அப்பீலில் உதவாது. டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 19.03 பிரிவில் கொள்ளை முயற்சியின்போது வேண்டுமென்றே செய்த கொலையும் அடங்கும்.

வாதம் நிற்பது நோக்கத்தில்தான். கொள்ளையடிக்கும் எண்ணம் கொலைக்கு முன்போ, கொலையின்போதோ இருந்திருக்க வேண்டும். ஏதோ தகராறில் சுட்டுவிட்டு, அப்புறம்தான் பர்ஸைப் பார்த்து எடுத்தார் என்றால் அது கொலையும் திருட்டும். இந்தக் குற்றம் ஆகாது. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளை மறுபடி எடைபோடாது. 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜாக்சன் எதிர் வர்ஜீனியா வழக்கில் வகுத்த அளவுகோல்படி, சாட்சியத்தை அரசுத் தரப்புக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, நியாயமான ஒரு ஜூரி இந்த முடிவுக்கு வந்திருக்க முடியுமா என்றே கேட்கும். இது கடினமான படி. அதனால் ஜூரிக்குத் தந்த அறிவுறுத்தல்களை வரிவரியாகப் படியுங்கள். சாதாரணக் கொலையாகக் கருதும் வாய்ப்பை ஜூரிக்குக் கொடுத்தார்களா என்று பாருங்கள்.

சுட்டது கூட்டாளியா? சரி, தானே கொல்லாத கூட்டாளிக்கு எப்போது மரண தண்டனை தரலாம் என்பதைப் பற்றிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1982-இன் என்மண்ட், 1987-இன் டைசன் தீர்ப்புகள் மரண தண்டனையை எதிர்க்க உதவலாம். குற்றத் தீர்ப்பை அவை அசைக்காது.

மரண தண்டனை என்றால் அப்பீல் தானாகவே மாநிலத்தின் உச்சக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும். ஆயுள் தண்டனை என்றால் பொதுவாக 30 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். இன்றே வக்கீலிடம் பேசுங்கள்.